வயிறு முட்டத் தண்ணீர்

"இன்னும் நல்லா முட்டணும்க்கா, தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு, பெயர் கூப்பிடுகிற பெண் ஸ்கேன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை பேர் நடுவில் சொல்கிறாள், முட்டணுமாம். பெஞ்சு நிறையப் பெண்கள், எல்லார் மடியிலும் தண்ணீர் பாட்டில், எல்லார் முகத்திலும் அவசரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அதே தவிப்பு. புத்தூரில் இந்த மாடிக்கு ஏறி வருகிறவர்கள் மானத்தையும் செருப்போடு சேர்த்துப் படியிலேயே கழற்றி விட்டுவிட வேண்டும் போலிருக்கிறது. அண்ணி பாட்டிலைத் திருகித் திறந்து நீட்டினாள். "மடக்மடக்னு குடி மதி. நீ சப்பிச் சப்பிக் குடிச்சா எப்ப நெறையறது?" ஐம்பத்திரண்டு வயசு, பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர், சந்திரமதி மிஸ் என்றால் பிள்ளைகள் எழுந்து நிற்கும், அப்பேர்ப்பட்ட நான் அண்ணி சொல்லச் சொல்லத் தண்ணீர் குடிக்கிறேன். தொண்டை வரைக்கும் இறங்குவது தெரிகிறது, அதற்குக் கீழே இடமில்லை. இடமில்லை என்பதுதானே மாசக்கணக்காக என் பிரச்சினையே. ஒரு தோசை முடிவதற்குள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி நெஞ்சு வரைக்கும் ஏறிக்கொள்கிறது. தட்டைத் தள்ளினால் அண்ணி முகம் சுருங்கிவிடுகிறது, "ஏன், உப்புக் கொறச்சலா?" என்கிறாள். உப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அண்ணி, எனக்குள்தான் ஏதோ ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. இதை எப்படிச் சொல்வது. இடுப்பு வலிக்கிறது என்று சொல்லலாம், இடுப்பு கௌரவமான இடம். அடிவயிறு என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது. அடிக்கடி ஒன்றுக்கு முட்டுகிறது என்று யாரிடம் சொல்ல. ஒரே பீரியடில் இரண்டு தடவை எழுந்து போனால் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்யும். நான் திரும்பி வரும்போது ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ எழுதுகிற மாதிரி நிற்பேன்.

ரவிக்கை கைகளில் தொளதொளவென்று ஆகிவிட்டது, புடவைக் கொசுவம் மட்டும் செருகினால் நிற்பதில்லை. இளைத்தும் போகிறேன், வயிறும் வருகிறது, இது என்ன நியாயம். அந்த டவுன் பஸ்ஸை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றேன். கண்டக்டர் பின்னாலிருந்து, "யாராச்சும் எந்திரிங்கப்பா, புள்ளத்தாச்சி நிக்குதுல்ல" என்று சத்தம் போட்டார். எங்கே அந்தப் பெண் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் எல்லார் கண்ணும் என் வயிற்றில் இருப்பது புரிந்தது. தலைக்கு மை அடித்திருந்தேன், அதைத்தான் நம்பிவிட்டார் பாவம். இல்லைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பையன் எழுந்து இடம் விட்டான், உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுகூடப் பரவாயில்லை, உட்கார்ந்து வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டேன். யார் வைக்கச் சொன்னது? பிள்ளை பெறாத வயிற்றுக்கு ஊர் கொடுத்த ஒரு நிமிஷ மரியாதை, அதில் ஒரு சந்தோஷம்கூட வந்து போயிற்று, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்தேன். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் நிஜமான பிள்ளைத்தாச்சி. அவளும் வயிற்றின் மேல் கை வைத்திருக்கிறாள், ஆனால் கை அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எத்தனையாவது மாசம் என்று கேட்டுவிடுவாளோ என்று அவசரமாகப் பாட்டிலைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்கிறேன். குடித்த தண்ணீர் இப்போதுதான் வழி கண்டுபிடித்துக் கீழே இறங்குகிறது, அடியில் லேசாக ஒரு கனம்.

என்னை இங்கே அனுப்பிய லேடி டாக்டர் நல்லவள்தான். அவள் கேட்ட கேள்விகள்தான் நல்லதாக இல்லை. "உப்புசம் வந்து வந்து போகுதா, தெனமும் இருக்கா?" தினமும். "கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நெறஞ்சுடுதா?" ஆமாம். "மாசாமாசம் வர்றது நின்னப்புறம் எப்பவாவது கறை பட்டுச்சா?" பட்டது. சித்திரையில் ஒரு நாள், உள்பாவாடையில் ஒரு சொட்டு. நின்று வருஷக்கணக்கு ஆகியிருந்தது. புதிதாக வயசுக்கு வந்தவள் மாதிரி அதை யாரும் எழுந்திருப்பதற்குள் அலசி, மற்ற துணிக்கு அடியில் போட்டுக் காயவைத்தேன். "லேசா, ஒரு தடவ" என்றேன் டாக்டரிடம். அண்ணி நாற்காலியில் நிமிர்ந்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையேடி?" அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, கறை பட்டதற்கு இல்லை, சொல்லாததற்கு. அம்மா போன பிறகு எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ரேணுகா அண்ணி, நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன், அன்றிலிருந்து என் தலைவலி, என் பரீட்சை, என் இன்க்ரிமெண்ட் எல்லாமே அவளுக்குத் தெரியும். குடும்பத்தில் யாருக்காவது இந்த மாதிரி என்று டாக்டர் கேட்டதற்குக்கூட அவள்தான் பதில் சொன்னாள். "இவ சித்தி ஒருத்தி வயிறு வீங்கித்தான் போய்ச் சேந்தா டாக்டர், மகோதரம்னாங்க. பெரியம்மாவுக்கு மார்ல கட்டி." டாக்டரின் பேனா நின்றது. "கொழந்தைங்க?" "கல்யாணமே பண்ணிக்கல டாக்டர்." டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உப்புசம் எல்லாருக்கும்தான் வரும், போயிடும். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா போகாம வாரக்கணக்கா நின்னா என்னன்னு பாத்துடணும். உங்க வயசு, பிள்ளை பெறாதது, குடும்பத்துல இருந்தது, இதெல்லாம் சேரும்போது இன்னும் கொஞ்சம் கவனமா பாக்கணும். சூலகத்துல ஏதாவது வந்தா அது கூச்சல் போடாது, இப்படித்தான் மெதுவா சொல்லும்." அவள் சொன்னது வெறும் கணக்கு, பிள்ளை பெறாதது என்ற இடத்தில் எனக்கு அது குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருந்தது. புற்று என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை, மூன்று பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். கடைசியில், "உள்பக்கமா வச்சுப் பாக்கற ஸ்கேன்தான் இதுக்குத் தெளிவா காட்டும். உங்களுக்குக் கல்யாணம் ஆகல, அதனால வயித்து மேல வச்சுத்தான் பாப்பாங்க. பாப்போம்" என்றாள். கல்யாணம் ஆயிடுச்சா என்று இவர்கள் கேட்பது தாலியைப் பற்றி இல்லை. வேறொன்றைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கல்யாணத்தைக் கேட்கிறார்கள், அது கேட்கிறவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். மூடிக்கொண்டேன்.

ஆடி மாசம் எடுத்த ஸ்கேனிலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். அது வேறொரு இடம், வேறொரு பெஞ்சு, இதே கேள்வி, இதே பதில். வயிற்றின் மேல் மட்டும் தேய்த்துப் பார்த்து அனுப்பினார்கள். குடலில் வாயு மறைப்பதால் சூலகங்கள் சரியாகத் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் உரக்கப் படித்துவிட்டு, "கேஸ்னுதான் போட்டிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். வீடே மூச்சு விட்டது. தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா? மைக்ராஸ்கோப் வகுப்பில் நானே பிள்ளைகளிடம் கத்துவேன், தெரியலன்னா லென்ஸ மாத்திப் பாரு, அங்க ஒண்ணுமில்லன்னு எழுதி வைக்காதே என்று. கத்துகிற அதே நான் வீட்டில் ஓமத்தண்ணீர் குடித்தேன். அண்ணி காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஓமத்தை வறுத்துத் தட்டிக் கொதிக்கவைப்பாள், அண்ணனுக்கும் அவளுக்கும் காபி அப்புறம்தான். மத்தியானம் பெருங்காய மோர். ராத்திரி சுக்கு. ஒரு ஏப்பம் வந்தால் போதும், "பாத்தியா, கலையுது" என்று அவள் முகம் மலரும். கலையுது அண்ணி என்று நானும் சொன்னேன். வாயுவில் மானம் போகாதே. ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் நடுவில் கேஸ் ட்ரபிள் என்று சொன்னால் பத்துப் பேரும் பத்து வைத்தியம் சொல்வார்கள். சூலகம் என்று சொல்ல முடியுமா? வகுப்பிலேயே சொன்னதில்லையே நான். இனப்பெருக்கப் பாடம் வரும்போதெல்லாம், "இத வீட்லயே படிச்சுக்கங்க, படத்த மட்டும் போட்டுப் பழகுங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன். முதுகைக் காட்டிக்கொண்டே பலகையில் வரைவேன், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பாதாம் பருப்பு மாதிரி. பாகங்களைக் குறி. முடிந்தது. இந்த ஊரில் நர்ஸாகவும் டாக்டராகவும் என் பிள்ளைகள் எத்தனை பேரோ. உள்ளே இருக்கிற ஸ்கேன் டாக்டரும் என்னிடம் படித்தவளாக இருந்துவிட்டால்? படம் மட்டும் போட்டுப் பழகினவள் இன்றைக்கு மிஸ்ஸின் பாகங்களைக் குறிக்கப் போகிறாளா. பயமா, வெட்கமா, எது என்று பிரிக்கத் தெரியவில்லை, அடிவயிற்றில் இப்போது நிஜமாகவே முட்டுகிறது.

ஞானராஜ். மனசுக்குள்கூட அந்தப் பெயரைச் சத்தமில்லாமல்தான் சொல்கிறேன், அண்ணி தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறாளே. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தக் காரைக்குடி முகாமில் போட்டிருந்தார்கள். அவர் இயற்பியல், வேறு பள்ளிக்கூடம். அன்றைக்குத் திருத்த வேண்டிய கட்டு முடிந்ததும் மற்ற டீச்சர்கள் முறுக்கு, சீடை வாங்கக் கிளம்புவார்கள், எனக்குத் தலைவலி வந்துவிடும். அவர் தங்கியிருந்தது நண்பர் ஒருத்தரின் பூட்டிக்கிடந்த வீடு. வெளியே தீயாகக் காயும், உள்ளே தரை மட்டும் ஜில்லென்று. மின்விசிறி சுற்றும்போது ஒரு டக், டக். ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும், திறந்தால் தெரு தெரியும், சாத்தியே வைத்திருந்தோம். யாரும் என்னை ஏமாற்றவில்லை, முப்பத்தைந்தைத் தாண்டினவள், என் காலால் நடந்துதான் போனேன். அடுத்த வருஷமும் போனேன், அதற்கு அடுத்த வருஷமும். ஒரு தடவை பெண் கேட்கவென்றே மாம்பழக் கூடையோடு திருச்சிக்கு வந்தார், முகாமில் கூட வேலை பார்த்தவர் என்று சொல்லித்தான் உட்காரவைத்தேன். அண்ணி காபி கொடுத்தாள், அவர் போன பிறகு மீசை வாத்தியார் என்று பெயர் வைத்தாள். அண்ணன் பேச்சோடு பேச்சாக எதிர்வீட்டுப் பெண் வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டதைச் சொல்லி, "நம்ம வீட்ல நடந்திருந்தா தலைமுழுகியிருப்பேன்" என்றார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஞானராஜ் காபியை முழுசாகக் குடித்தார், டம்ளரை ஓசைப்படாமல் வைத்தார், கிளம்பிவிட்டார். அப்புறம் நாகர்கோவில் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார் என்று கேள்வி. நான் தப்புச் செய்துவிட்டேன் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. தப்பாக இருந்தாலாவது யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருக்கலாம். தப்பே இல்லாத ஒன்றுக்கு இத்தனை வருஷம் கூசிக்கொண்டிருக்கிறேனே, இதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது.

கொட்டுவது என்று நினைத்ததும் இன்னும் முட்டுகிறது. காலை மாற்றிப் போட்டுக்கொள்கிறேன். மூச்சைக்கூட மேலோட்டமாகத்தான் விட வேண்டியிருக்கிறது. இந்த மாடிக்கு மொத்தம் ஒரே கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை. உள்ளே போகிறவர்களுக்கு வெளியே ஒரு ஆள் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைத்தாச்சிக்கு அவள் புருஷன் பிடித்தான், ஒரு கையில் கதவு, ஒரு கையில் போன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அண்ணி பேச்சுக் கொடுக்கிறாள். "எங்க நாத்தனாருங்க. டீச்சரு. கல்யாணம் வேணாம்னுட்டா. ஆனா தங்கம்ங்க, இந்த வயசு வரைக்கும் ஒருத்தர் ஒரு சொல்லு சொல்ல விட்டதில்ல. என் ரெண்டு புள்ளைங்களையும் படிக்கவச்சது இவதான்." பிள்ளைத்தாச்சி என்னை மரியாதையாகப் பார்க்கிறாள். நான் தரையைப் பார்க்கிறேன். அண்ணிக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசை கிடையாது, ஊரில் சொல்லிக்கொள்ள என்னைத்தான் வைத்திருக்கிறாள். அதைப் பிடுங்கிக்கொள்வதா? சும்மா இருந்துவிடலாம். மேலே வைத்துப் பார்ப்பார்கள், வாயு மறைக்கிறது என்பார்கள், வீட்டுக்குப் போய் ஓமம் கொதிக்கும். வேறொரு நாள் தனியாக வந்து சொல்லலாமே. தனியாக என்னை என்றைக்கு விட்டிருக்கிறாள். சித்தியும் இப்படித்தான் வேறொரு நாள் வேறொரு நாள் என்று இருந்திருப்பாளோ. சித்தியைக் கடைசியாகப் பார்த்தபோது கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை, போர்வையை இழுத்து இழுத்து அதை மூடிக்கொண்டே இருந்தாள், சாகும்போதும் அவளுக்கு அதுதான் கவலை. யாராவது பார்த்துவிடுவார்களாம். எனக்குச் சாக பயமாக இருக்கிறது. அண்ணி முகத்தைப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை போட்டுக்கொண்டிருக்கிறேனே, எனக்கென்ன பைத்தியமா?

"சந்திரமதி யாரு? முட்டுதாக்கா? வாங்க, கூட ஒருத்தர் வரலாம்." அண்ணி எழுந்துவிட்டாள். உள்ளே ஏசி. படுக்கச் சொன்னார்கள், பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் சின்னப் பெண், குரலை வைத்து என் பிள்ளையா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. களிம்பு சிலீரென்றது. அந்தக் கருவியை வைத்து அழுத்தினாள், அழுத்துகிற இடமெல்லாம் தண்ணீர், பல்லைக் கடித்தேன். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். அப்புறம், "கேஸ் நெறைய இருக்கு. ஓவரி ரெண்டும் மறையுது, சரியா தெரியல" என்றாள். கால்மாட்டிலிருந்து அண்ணி, "அதான் டாக்டர், போன தடவையும் கேஸ்னுதான் வந்துச்சு" என்றாள், அவள் குரலில் ஒரு நிம்மதி. "உள்பக்கமா பாத்தா தெரிஞ்சிடும். மேரேஜ் ஆயிடுச்சா?" "இல்ல டாக்டர், அவ கல்யாணமே பண்ணிக்கல." "அப்ப சரி, இதையே ரிப்போர்ட்டா போட்டுடறேன்" என்று கருவியைத் தூக்கினாள். தூக்கிவிட்டாள். வயிற்றில் களிம்பு மட்டும் இருந்தது. நான் கண்ணைத் திறந்தேன். "டாக்டர், கல்யாணம் ஆகல. ஆனா நான் ஒருத்தரோட இருந்திருக்கேன். உள்ள வச்சே பாருங்க." என் குரல்தான். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அதே குரல், இந்தச் சின்ன அறையில் எதற்கு அவ்வளவு சத்தமாக வந்தது? டாக்டர் தலையைத் தூக்கக்கூட இல்லை. "ஓகே. அதுக்கு ப்ளாடர் காலியா இருக்கணும். யூரின் போயிட்டு வந்துடுங்க" என்று களிம்பைத் துடைக்கக் காகிதம் கொடுத்தாள். அவ்வளவுதான். இத்தனை நேரம் குடித்து, இத்தனை நேரம் அடக்கினது, போயிட்டு வந்துடுங்க.

அண்ணி பக்கம் பார்க்காமல் இறங்கி, நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பெஞ்சுக்காரர்களைத் தாண்டி நடந்தேன். பின்னால் காலடி கேட்கவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தள்ளினேன், அது திரும்பித் திறந்தது. மறுபடி தள்ளினேன், மறுபடி திறந்தது. கதவைப் பிடித்தால் உட்கார முடியாது, உட்கார்ந்தால் கதவு எட்டாது. அழுகை வந்துவிட்டது, இதற்குப் போய். அப்போது வெளியிலிருந்து யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள், வளையல் மரத்தில் இடித்தது. உட்கார்ந்தேன். வந்தது, நிற்காமல் வந்தது, அந்தச் சத்தம் வெளியே கேட்குமே என்று கூசினேன், கேட்கட்டும் என்றும் இருந்தது. "உள்ள ஆள் இருக்கு, பொறுங்க" என்று அண்ணி யாரையோ அதட்டினாள். அப்புறம் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஆடி மாசமே இத சொல்லியிருந்தா அன்னைக்கே உள்ள வச்சுப் பாத்திருப்பாங்கள்ல?" என்றாள். வளையல் மறுபடி மரத்தில் இடித்தது. "எங்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டா இத்தன மாசம் சும்மா இருந்த? நான் பாட்டுக்கு ஓமத்தண்ணியா காய்ச்சிக் குடுத்துக்கிட்டு இருந்தேனேடி, பாவி." பாவி என்றது என்னையா, அவளையா என்று தெரியவில்லை. அவள் அழுகிறாள், மூக்கை உறிஞ்சுகிறாள், கதவு அதற்குத் தக்கபடி ஆடுகிறது. "அண்ணி, கதவ விட்டுடாதீங்க" என்றேன். "விடலடி. நீ முழுசா இருந்துட்டு வா" என்றாள்.